யாரைக் கூப்பிட்டாலும் வேலை நடக்க வேண்டும்

பிரிண்டர், காப்பியர் விற்று சர்வீஸும் செய்யும் தொழிலில் இருக்கிறேன். வேறொருவரிடம் வாங்கிக்கொண்டிருந்துவிட்டு என்னிடம் வரும் வாடிக்கையாளர்களிடம் ஏன் மாறினீர்கள் என்று கேட்டுவிடுவது என் வழக்கம். மெஷின் மோசம் என்று சொல்பவர்கள் குறைவு. விலை என்று சொல்பவர்கள் கொஞ்சம் பேர். அதிகம் கேட்ட பதில் இதுதான்: "வேலை நின்னு போச்சு சார், ஆளாளுக்கு அடுத்தவங்களைக் கைகாட்டினாங்க."

ஓர் அலுவலகத்தில் ஒரு தாள் அச்சாகி வெளியே வர மெஷின் மட்டும் நன்றாக இருந்தால் போதாது. தாள் சரியாக இருக்க வேண்டும். மின்சாரம் ஒழுங்காக வர வேண்டும். நெட்வொர்க், கம்ப்யூட்டர், அவர்கள் பயன்படுத்தும் சாஃப்ட்வேர் என எல்லாம் ஒத்துழைக்க வேண்டும். இவை ஒவ்வொன்றும் ஒவ்வொருவர் பொறுப்பில் இருக்கின்றன. வாடிக்கையாளருக்கோ அது ஒரே வேலை: பிரிண்ட் வரணும். நாம் நம் எல்லையைக் கோடு போட்டுப் பிரித்து வைத்திருப்பது அவருக்குத் தெரியாது, தெரிய வேண்டிய அவசியமும் இல்லை. நீண்ட நாள் உறவு உருவாவதும் உடைவதும் அந்தக் கோடுகள் சந்திக்கும் இடத்தில்தான் என்பது என் அனுபவம்.

ஒன்றை விவரமாகச் சொல்கிறேன். 2017 மே மாதம் வான்னாக்ரை என்ற ரான்சம்வேர், அதாவது கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் வைரஸ், உலகம் முழுக்கக் கம்ப்யூட்டர்களை முடக்கியது. விண்டோஸில் எஸ்எம்பி 1 என்ற பழைய கோப்புப் பகிர்வு முறையில் இருந்த ஓட்டை வழியாகத்தான் அது பரவியது. அதே ஆண்டின் பிற்பகுதியில் வந்த விண்டோஸ் 10 பதிப்பிலிருந்து, புதிதாக நிறுவும்போது அந்தப் பழைய முறை தானாக வராதபடி மைக்ரோசாஃப்ட் செய்துவிட்டது. பாதுகாப்புக்கு அது சரியான முடிவு. ஆனால் பழைய காப்பியர்களில் பலவற்றுக்கு, ஸ்கேன் செய்த கோப்பை ஒரு கம்ப்யூட்டரின் ஃபோல்டருக்கு அனுப்ப அந்த ஒரு வழிதான் தெரியும். கம்ப்யூட்டரைப் புதிதாக மாற்றிய அலுவலகங்களில் ஸ்கேன் நின்றுபோனது.

ஒரு வழக்கறிஞர் அலுவலகத்திலிருந்து எனக்கு அழைப்பு வந்தது. காப்பி வருகிறது, பிரிண்ட் வருகிறது, ஸ்கேன் மட்டும் போய்ச் சேரவில்லை. நான் போனபோது கம்ப்யூட்டர்களை நிறுவிய நெட்வொர்க் டெக்னீஷியன் வேலை முடிந்து கிளம்பிக்கொண்டிருந்தார். "மெஷின் பழசு சார், அதான்" என்றார். "நேத்து வரைக்கும் போய்க்கிட்டுதானே இருந்துச்சு" என்று நான் சொல்லியிருக்கலாம். இரண்டும் உண்மை, இரண்டாலும் அந்த அலுவலகத்துக்கு ஒரு பயனும் இல்லை. மேலாளர் அம்மா மறுநாள் தாக்கல் செய்ய வேண்டிய கோப்பைக் கையில் வைத்துக்கொண்டு எங்கள் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"தம்பி, ஒரு பத்து நிமிஷம் உட்காருங்க, சேர்ந்து பார்த்துடலாம்" என்றேன். அவரும் பையைக் கீழே வைத்தார். பழைய முறையை மறுபடி இயக்கிவிட்டால் உடனே வேலை நடக்கும். ஆனால் அது திறந்த கதவு, வேண்டாம் என்று அவர் சொன்னது எனக்கும் சரியாகப் பட்டது. அந்த மாடலுக்குப் புதிய முறையை ஆதரிக்கும் ஃபர்ம்வேர், அதாவது மெஷினுக்குள்ளேயே ஓடும் சாஃப்ட்வேர், வந்திருந்தது. நான் அதை ஏற்றினேன். அவர் ஸ்கேனுக்கென்று தனியாக ஒரு யூசர் கணக்கு உருவாக்கி, அந்த ஒரு ஃபோல்டரில் மட்டும் எழுதும் உரிமை கொடுத்தார். ஊழியர்கள் தங்கள் பாஸ்வேர்டை மாற்றும்போதெல்லாம் ஸ்கேன் நின்றுபோகும் தொல்லை அதோடு தீர்ந்தது. அந்தத் தொல்லைக்கு அதுவரை என்னைத்தான் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

ஸ்கேன் திரையில் வந்து விழுந்ததும் மேலாளர் கேட்டார்: "அடுத்த தடவை உங்க ரெண்டு பேர்ல யாரைக் கூப்பிடணும்?"

"யாரை வேணும்னாலும் கூப்பிடுங்க மேடம்" என்றேன். தம்பியும் தலையாட்டினார். எங்கள் கூட்டு அப்படித்தான் தொடங்கியது. அன்று முதல் அவர் நெட்வொர்க் போடும் இடத்தில் காப்பியர் சம்பந்தமாக ஏதாவது கேட்டால் எனக்குப் போன் செய்கிறார். நான் மெஷின் வைக்கும் இடத்தில் கேபிள் இழுப்பதற்கு முன்னால் அவரிடம் கேட்கிறேன். அந்த வழக்கறிஞர் அலுவலகம் இன்னும் எங்கள் இருவரிடமும் இருக்கிறது.

எங்கள் துறையே இப்படிப்பட்ட கூட்டால் வளர்ந்ததுதான். 1984-ல் எச்பி நிறுவனம் லேசர்ஜெட் பிரிண்டரைக் கொண்டுவந்தபோது உள்ளே இருந்த எஞ்சின், அதாவது தாளில் அச்சடிக்கும் பகுதி, கேனன் செய்தது. கேனன் தன் பெயரிலும் பிரிண்டர் விற்றது. சந்தையில் போட்டியாளர்களாகவும் இருந்துகொண்டே பல பத்தாண்டுகள் இருவரும் சேர்ந்து தொழில் செய்தார்கள். 1985-ல் ஆப்பிளின் லேசர்ரைட்டர் வந்தது. அதிலும் கேனன் எஞ்சின்தான். பக்கத்தை விவரிக்கும் மொழி அடோபியின் போஸ்ட்ஸ்கிரிப்ட். பக்கத்தை வடிவமைக்க ஆல்டஸின் பேஜ்மேக்கர். இந்த நாலு பேரும் சேர்ந்ததால்தான் ஒரு சின்ன அலுவலகம் தன் மேசையிலேயே ஒரு புத்தகப் பக்கத்தை அமைத்து அச்சடிக்க முடிந்தது. நாலில் ஒருவர் தனியாக இதைக் கொடுத்திருக்க முடியாது. நம் அளவில் இது நெட்வொர்க்காரர், தாள் விற்பவர், எலக்ட்ரீஷியன் என்று இருக்கும்.

தாள் என்றதும் சிலருக்கு அலட்சியம். காப்பியரில் வரும் ஜாம் புகார்களில் தாளால் வருவது எவ்வளவு என்று சர்வீஸ் ஆட்களைக் கேட்டால் தெரியும். மெஷினுக்குள் ஃபியூசர் என்ற பகுதி ஏறக்குறைய 200 டிகிரி செல்சியஸ் வரை சூடாகி, டோனர் பொடியை உருக்கித் தாளில் ஒட்டவைக்கிறது. தாளில் ஈரம் ஏறியிருந்தால் அந்தச் சூட்டில் அது சுருண்டுகொள்ளும், உள்ளே எங்காவது மாட்டும். எழுத்து திட்டுத்திட்டாகவும் விழும். ரோலரை மாற்றிக்கொண்டே இருந்தாலும் தீராது. வாடிக்கையாளர் மெஷினைத் திட்டுவார், மெஷின்காரர் தாளைத் திட்டுவார், தாள் விற்றவர் "எல்லாருக்கும் இதே தாள்தான் கொடுக்கிறேன்" என்பார்.

ஒரு தாள் மொத்த வியாபாரியோடு சேர்ந்த பிறகு இந்தச் சுற்று நின்றது. அவரை நான் தேர்ந்தெடுத்த விதத்தைச் சொல்ல வேண்டும், ஏனென்றால் கூட்டாளியைத் தேர்வதில்தான் பாதி விஷயம் இருக்கிறது. முதலில் அவரிடம் என் அலுவலகத்துக்கே தாள் வாங்கினேன். வேண்டுமென்றே கொஞ்சம் சிக்கலான நாளில், அவசரமாக, குறைந்த அளவு கேட்டேன். ஒரு கட்டு ஓரம் நசுங்கி வந்தது. போன் செய்தேன். அவர் ஒரு கேள்விதான் கேட்டார்: "இன்னைக்கு வேலைக்குத் தாள் இருக்கா உங்ககிட்ட?" அதற்குப் பிறகுதான் நசுங்கிய கட்டைப் பற்றிப் பேசினார். என் வாடிக்கையாளரிடமும் இவர் இப்படித்தான் பேசுவார் என்று அன்றே முடிவு செய்துவிட்டேன். ஒருவர் விற்கும்போது எப்படிப் பேசுகிறார் என்பது எனக்கு ஒன்றும் சொல்வதில்லை. புகாரை எப்படி எடுத்துக்கொள்கிறார் என்று பார்த்த பிறகே என் வாடிக்கையாளரின் வாசலுக்கு ஒருவரை அழைத்துப் போவேன். அவருடைய மிகப் பழைய வாடிக்கையாளர் ஒருவரிடமும் பேசிவிடுவேன்; புதியவர்கள் எல்லோரையும்தான் புகழ்வார்கள்.

நாங்கள் இருவரும் சேர்ந்து செய்தது பெரிய திட்டம் ஒன்றும் இல்லை. தாள் இறக்க வரும் அவருடைய பையன்களுக்கு நான் ஒரு மணி நேரம் சொல்லிக்கொடுத்தேன்: கட்டைத் தரையில் போடாதீர்கள், சுவரை ஒட்டி அடுக்காதீர்கள், உறையைப் பிரிக்காமலே வையுங்கள், பாதி மிஞ்சிய கட்டை மறுபடி உறையில் சுற்றி வைக்கச் சொல்லுங்கள், குளிர்ந்த அறைக்குள் புதிதாக வந்த தாளை ஒரு நாள் அப்படியே விட்டுவிட்டுப் பிறகு பிரிக்கச் சொல்லுங்கள். இதை அவர்கள் ஒவ்வொரு அலுவலகத்திலும் வாயால் சொல்கிறார்கள், அடுக்கியும் கொடுக்கிறார்கள். எனக்கு ஜாம் புகார் கண்ணுக்குத் தெரியக் குறைந்தது. அவருக்கு, "தாள் போடறவங்களே இவ்வளவு சொல்றாங்களே" என்ற பெயர் கிடைத்தது. வாடிக்கையாளருக்குச் செலவே இல்லை. கூடுதல் மதிப்பு என்று நான் சொல்வது இதைத்தான். வருடப் பிறப்புக்கு டைரி கொடுப்பதில் எனக்கு ஆட்சேபம் இல்லை, ஆனால் டைரிக்காக யாரும் யாரிடமும் தங்குவதில்லை.

எலக்ட்ரீஷியன் விஷயம் சுருக்கமானது. லேசர் மெஷின் சூடாகும் நொடியில் மின்சாரத்தை நிறைய இழுக்கும். அதைச் சின்ன யூபிஎஸ்ஸின் பேட்டரி இணைப்பில் செருகினால் யூபிஎஸ் திணறிவிடும். தனி பாயிண்ட் கொடுப்பவர் ஒருவர் நம்மோடு இருந்தால் போதும்.

இப்போது கமிஷன். இதில் எனக்கு உறுதியான கருத்து உண்டு. கூட்டாளிக்கு வாடிக்கையாளரைக் காட்டிவிட்டு அவர் விற்பதில் எனக்கு ஒரு பங்கு வாங்குவது பல தொழில்களில் சகஜம், சட்டப்படி தப்பும் இல்லாமல் இருக்கலாம். நான் வாங்குவதில்லை, கொடுப்பதும் இல்லை. கமிஷன் வந்துவிட்டால் அந்தப் பணம் கடைசியில் வாடிக்கையாளரின் பில்லில்தான் ஏறும். அதைவிட முக்கியம், கூட்டாளி சொதப்பும்போது அவரை மாற்ற நம் கை தயங்கும். "இவரிடம் வாங்குங்கள்" என்று நான் சொல்லும்போது அதற்குப் பின்னால் எனக்கு வரும்படி இல்லை என்பது தெரிந்தால்தான் என் வார்த்தைக்கு எடை.

மிஷெலின் கதை இதற்கு நல்ல சாட்சி. டயர் செய்த அந்தச் சகோதரர்கள் 1900-ல் கார் ஓட்டிகளுக்கு ஒரு சின்ன வழிகாட்டிப் புத்தகத்தை இலவசமாகக் கொடுத்தார்கள். அப்போது பிரான்ஸில் இருந்த கார்கள் சில ஆயிரம்தான். முதல் பதிப்போ ஏறக்குறைய 35,000 பிரதிகள். டயர் மாற்றுவது எப்படி, மெக்கானிக் எங்கே, பெட்ரோல் எங்கே, தங்க இடம் எங்கே என்று எல்லாம் அதில் இருந்தது. மெக்கானிக்கும் விடுதிக்காரரும் அவர்களுடைய ஆட்கள் இல்லை. ஆனால் பயணம் சுகமாக இருந்தால் மக்கள் அதிகம் ஓட்டுவார்கள், ஓட்டினால் டயர் தேயும். கணக்கு சரி. எனக்கு இதில் பிடித்த பகுதி அப்புறம் வருகிறது: 1920-ல் புத்தகத்துக்கு விலை வைத்தார்கள், அதோடு காசு வாங்கிப் போடும் விளம்பரங்களையும் எடுத்துவிட்டார்கள். பிறகு அந்தப் புத்தகம் நல்ல உணவகங்களுக்குக் கொடுத்த நட்சத்திரங்களுக்கு அவ்வளவு மதிப்பு ஏன் என்று யோசித்தால், பட்டியலில் இடம்பெறப் பணம் கொடுத்தால் போதாது என்ற நம்பிக்கை அதில் பெரிய பங்கு.

கமிஷன் இல்லாமல் கூட்டாளி ஏன் நம்மோடு இருப்பார் என்று கேட்பார்கள். வேலை வருகிறதே, அதனால். நான் அனுப்பும் வேலை அவருக்கு, அவர் அனுப்பும் வேலை எனக்கு. ஒரு வருடத்தில் ஒருபக்கம் அதிகமாகச் சாய்ந்தால் உட்கார்ந்து பேசிக்கொள்வோம். சாய்வதும் தப்பில்லை, அடுத்த வருடம் மாறும்.

ஆனால் எழுதி வைத்துக்கொள்ள வேண்டிய சில விஷயங்களை நட்பை நம்பி விட்டுவிடக் கூடாது. எங்கள் ஒப்பந்தம் ஒரு பக்கத் தாள்தான். முதல் அழைப்பை எடுத்தவர், பிரச்சினை தீரும் வரை அந்த வாடிக்கையாளருக்குப் பொறுப்பு. வேலை அடுத்தவருடையது என்றாலும் தகவல் சொல்லிக்கொண்டே இருப்பது முதலாமவர் கடமை. எவ்வளவு நேரத்துக்குள் போய்ப் பார்க்க வேண்டும் என்று எழுதியிருக்கிறோம். ஒருவர் வேலையில் ஏற்பட்ட சேதத்தை அவரே ஏற்க வேண்டும். ஒருவர் வாடிக்கையாளரிடம் மற்றவர் போட்டிப் பொருளை விற்கக் கூடாது. வாடிக்கையாளரைக் கேட்காமல் அவர் போன் நம்பரை யாருக்கும் கொடுப்பதில்லை என்பதையும் சேர்த்திருக்கிறோம். "நம்ம ஆளுதானே" என்று நம்பரைக் கொடுத்துவிடுவது சகஜமாக நடக்கிறது. தெரியாத ஒருவர் திடீரென்று போன் செய்து விற்க முயன்றால் வாடிக்கையாளருக்கு நம் மேல்தான் கோபம் வரும், அது நியாயமும்கூட.

ஒரு கூட்டாளியோடு பிரிந்தும் இருக்கிறேன். வேலையில் கெட்டிக்காரர். ஆனால் சொன்ன நேரத்துக்கு வர மாட்டார், வர முடியாததைச் சொல்லவும் மாட்டார். என் வாடிக்கையாளர் ஒருவர் ஒரு நாள் முழுக்கக் காத்திருந்துவிட்டு என்னைக் கூப்பிட்டார். நான் அந்தக் கூட்டாளியின் பெயரையே எடுக்கவில்லை. "நாங்க வந்திருக்கணும், வரலை. நாளைக் காலையில வேலை முடிஞ்சிருக்கும்" என்றேன். வேறொருவரை என் செலவில் அனுப்பினேன். அதே தவறு மறுபடி நடந்தபோது கூட்டாளியிடம் நேரில் போய் இனி வேலை அனுப்ப முடியாது என்று சொன்னேன். வாடிக்கையாளரிடம் அவரைக் குறை சொன்னதில்லை. அறிமுகப்படுத்தியது நான் என்பதால் அந்தக் குறை என்னுடையதாகத்தான் கேட்கும்.

மதிப்பு சேர்ப்பதற்குத் திரும்ப வருகிறேன். எங்கள் தொழிலில் ஒரு பழைய ஏற்பாடு இருக்கிறது, அதன் மேல் எனக்குப் பெரிய மரியாதை. 1959-ல் ஜெராக்ஸ் 914 வந்தபோது மெஷினின் விலை சாதாரண அலுவலகங்களுக்கு எட்டாது. அதனால் மாத வாடகைக்குக் கொடுத்தார்கள். முதல் 2,000 காப்பி வாடகையிலேயே அடக்கம், அதற்கு மேல் எடுக்கும் ஒவ்வொரு காப்பிக்கும் காசு. மெஷின் நின்றால் கவுண்டர் ஓடாது, கவுண்டர் ஓடாவிட்டால் விற்றவருக்கும் வரும்படி இல்லை. விமான எஞ்சின் தொழிலிலும் இதே யோசனை 1962-ல் வந்தது: பிரிஸ்டல் சிட்லி நிறுவனம் தன் வைப்பர் எஞ்சினுக்கு, பறந்த மணி நேரத்துக்கு இவ்வளவு என்று பராமரிப்புக் கட்டணம் வைத்தது. பிறகு அந்த நிறுவனத்தை வாங்கிய ரோல்ஸ் ராய்ஸ் இந்த முறையைப் பெரிய அளவில் வளர்த்தது. வாடிக்கையாளர் நஷ்டப்படும்போது நாமும் நஷ்டப்படும்படி ஒப்பந்தம் இருந்தால், "உங்க நலனே எங்க நலன்" என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. நானும் முடிந்த இடங்களில் பக்கத்துக்கு இவ்வளவு என்றுதான் பேசுகிறேன். பழுது பார்ப்பதில் வரும் காசைவிடப் பழுது வராமல் பார்ப்பதில் எனக்கு அக்கறை வரும்படி அது செய்துவிடுகிறது.

அடுத்தது, நமக்குத் தெரிந்ததை வாடிக்கையாளருக்கு முன்கூட்டியே சொல்வது. டோனர் பெட்டியில் 3,000 பக்கம் என்று போட்டிருக்கும். அது ஐஎஸ்ஓ 19752 என்ற தரமுறைப்படி, பக்கத்தில் ஏறக்குறைய 5 சதவீத இடத்தில் மட்டும் கருப்பு விழும் சோதனைத் தாளை அச்சடித்து அளந்த கணக்கு. கனமான லோகோவும் கட்டங்களும் நிறைந்த படிவத்தை அச்சடிக்கும் அலுவலகத்தில் கருப்பு அதைப்போல் இரண்டு மடங்கு விழும், டோனர் ஏறக்குறைய பாதியிலேயே தீரும். இதைச் சொல்லாமல் விற்றால் அவர் ஏமாற்றப்பட்டதாக நினைப்பார். நான் மெஷின் வைக்கும் முன்பே அவர்கள் வழக்கமாக அச்சடிக்கும் நாலைந்து படிவங்களைக் கேட்டு வாங்கிப் பார்க்கிறேன். தலைப்பில் உள்ள கருப்புப் பட்டையை வெறும் கோடாக மாற்றினால் எவ்வளவு மிச்சமாகும் என்று சொல்கிறேன். டோனர் விற்பவன் டோனர் குறைய வழி சொல்வதா என்று என் சர்வீஸ் பையன் ஒருவன் கேட்டான். அந்த அலுவலகம் அடுத்த கிளைக்கு மெஷின் வாங்கும்போது வேறு யாரிடமும் கொட்டேஷன் கேட்கவில்லை என்பதை அவனுக்கு அப்புறம் காட்டினேன்.

ஒரு மருத்துவர் தன் கிளினிக்குக்குக் கலர் காப்பியர் வேண்டும் என்றார். அவருடைய பழைய மெஷினின் கவுண்டரையும், அவர் எவற்றைக் கலரில் எடுக்கிறார் என்பதையும் பார்த்தேன். நோயாளிகளுக்குக் கொடுக்கும் ஒரு துண்டறிக்கை, அவ்வளவுதான். "டாக்டர், இதுக்குக் கலர் மெஷின் வேண்டாம். அச்சகத்தில் மொத்தமா போட்டு வெச்சுக்கலாம்" என்று எனக்குத் தெரிந்த அச்சகக்காரரிடம் சேர்த்துவிட்டேன். ஒரு பெரிய விற்பனை போனது உண்மை. அந்த அச்சகக்காரர் இப்போது, அவசரமாக நாலு பிரதி மட்டும் கேட்டு வருபவர்களிடம் சின்ன மெஷின் ஒன்று வைத்துக்கொள்ளச் சொல்லி என்னிடம் அனுப்புகிறார். மருத்துவர் கருப்பு வெள்ளை மெஷினை என்னிடம்தான் மாற்றினார்.

எல்லோரிடமும் இது பலிக்காது. ஒவ்வொரு முறையும் விலையை மட்டும் பார்த்து ஆளை மாற்றுபவர்கள் இருக்கிறார்கள், அவர்களிடம் கோபப்பட ஒன்றும் இல்லை. நல்ல விலை சொல்லி, நல்லபடி வேலை செய்து கொடுத்துவிட்டு, மிச்ச நேரத்தைத் தங்குபவர்களுக்குச் செலவழிப்பது மேல்.

தனியாளாகத் தொழில் செய்பவர்கள் என்னிடம் கேட்பது, முதல் கூட்டாளியை எங்கே தேடுவது என்று. வியாபாரச் சங்கங்களில், கூட்டங்களில் விசிட்டிங் கார்டு மாற்றிக்கொள்வதில் எனக்கு அதிகம் பலன் கிடைத்ததில்லை. இருக்கிற வாடிக்கையாளரிடமே கேளுங்கள்: நம் பொருள் வேலை செய்யாத நாளில் வேறு யாரையெல்லாம் கூப்பிடுவீர்கள், அவர்களில் யார் வந்தால் உங்களுக்கு நிம்மதி? பெயரோடு சொல்லிவிடுவார்கள். அந்த இரண்டாவது கேள்விக்கு ஒரே பெயர் இரண்டு மூன்று இடங்களில் வந்தால், மறுநாளே அவரைப் போய்ப் பாருங்கள். கையில் புரோஷர் வேண்டாம். உங்கள் இருவருக்கும் பொதுவான ஒரு வாடிக்கையாளரின் தீராத புகார் ஒன்றை எடுத்துக்கொண்டு போங்கள்.